பையில் எந்தக் களிம்பு? வெயிலுக்கும் குளிருக்கும் விமானத்துக்கும் ஓர் ஒப்பீடு

போன வருடம் சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனேன். பையின் பக்கவாட்டு உறையில் ஒரு கண்ணாடிக் குப்பி நிறைய வெட்பாலைக் களிம்பு. காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது கல் மாதிரி இறுகியிருந்தது. கோவில்பட்டி தாண்டியதும் தொடையில் ஏதோ ஈரம் பட்டதே என்று பையைத் திறந்தால், குப்பியில் பாதி காலி. அத்தைக்காக எடுத்துப் போன சந்தன நிறப் புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறை. எத்தனை முறை அலசியும் அந்தக் கறை முழுதாகப் போகவில்லை.

வெட்பாலை இலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊதா எங்கிருந்து வந்தது என்று தெரியும். பச்சை இலையைக் கையால் கிள்ளி, இரும்பு படாமல், தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால், ஓரிரு நாளிலேயே எண்ணெய் ஊதாவாக மாறத் தொடங்கிவிடும். நாலைந்து நாள் போனால் நாவல்பழச் சாறு மாதிரி ஆகிவிடும். காளாஞ்சகப் படைக்கும் (சோரியாசிஸ்) பொடுகுக்கும் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் தைலம் அது. மூலிகை நன்றாகத்தான் இறங்கியிருந்தது. தவறு மெழுகின் அளவில்.

அந்தக் களிம்பை நான் செய்தது மார்கழியில். தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் அது தானே கெட்டியாக நின்றது. கொஞ்சம் தேன்மெழுகு போட்டதுமே 'ஆகா, பதம் வந்துவிட்டது' என்று நினைத்துவிட்டேன். சித்திரையில் எண்ணெய் முழுதும் உருகியபின் அதைத் தாங்க வேண்டிய மெழுகு அந்தக் குப்பியில் இல்லை. அன்றிலிருந்து எங்கே போகிறோம், எந்த மாதம் போகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறேன். எந்த மூலிகை என்று பலர் கேட்கிறார்கள். பயணக் களிம்புக்கு அது இரண்டாவது கேள்விதான்.

சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. அதில் பூச்சு வேறு, பசை வேறு, களிம்பு வேறு. பூசும் பொருளின் பதத்துக்கு நம் ஆட்கள் எவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பிரிவே சாட்சி. வீட்டில் செய்து பையில் போட்டுக்கொள்ள நமக்கு இருக்கும் வழிகள் நாலைந்துதான்: மெழுகே சேர்க்காத வெறும் தைலம், தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும், நல்லெண்ணெயும் தேன்மெழுகும், மெழுகு கூட்டிய கெட்டிக் குச்சி, அப்புறம் கழுவின நெய். இவற்றில் ஒன்றைப் பயணத்துக்கே ஆகாது என்று இப்போதே தள்ளிவைத்துவிடலாம்.

அது கழுவின நெய். பசு நெய்யைச் செம்புத் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்து நூறு முறை கழுவுவார்கள். ஆயுர்வேதத்தில் சததௌத கிருதம் என்று பெயர். வெள்ளை வெளேரென்று, தொட்டால் குளிர்ச்சியாக, தோலில் வைத்ததும் கரையும். நம் சித்த மருத்துவத்துக் குங்கிலிய வெண்ணெயும் இதே வழிதான்: நல்லெண்ணெயில் குங்கிலியத்தை உருக்கி, தண்ணீர் சேர்த்துக் கடைந்து வெண்ணெயாக்குவது. இரண்டும் அருமையான மருந்துகள். ஆனால் இரண்டுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் பூஞ்சையும் கிருமியும் வரும். நெய்யோ முப்பது, முப்பத்தைந்து டிகிரியில் உருகும், உருகினால் நெய்யும் தண்ணீரும் பிரிந்துவிடும். வீட்டில் சிறிய அளவில் செய்து, சுத்தமான கரண்டியால் எடுத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டிய பொருள். பைக்குள் வேண்டாம். கற்றாழைச் சோற்றை அப்படியே எண்ணெயில் கலக்கி மெழுகு சேர்ப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். இரண்டு வாரத்தில் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், புரிந்துவிடும்.

தண்ணீர் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் தைலம் காய்ச்சுவதை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தக் களிம்பானாலும் அடிப்படை இதுதான். இலையைப் பச்சையாகப் போடுவதா, உலர்த்திப் போடுவதா? பயணத்துக்கு என்றால் நான் உலர்ந்த இலைக்குத்தான் போவேன். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, வெட்டுக்காயப் பூண்டு, எதுவானாலும் நிழலில் ஒரு வாரம் காயவைத்தால் கையில் நொறுங்கும். நொறுங்காமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 50 கிராம் உலர்ந்த இலைக்குக் கால் லிட்டர் எண்ணெய். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் எண்ணெய்ப் பாத்திரத்தை இறக்கி, இளஞ்சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம். எண்ணெய் கொதிக்கவே கூடாது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஓர் இரவு ஆடாமல் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஓர் இரவைத் தவிர்க்காதீர்கள்.

பச்சை இலை வேண்டும் என்பவர்களுக்குப் பாட்டிமார் காட்டிய வழி இருக்கிறது. இலையை அரைத்து எண்ணெயில் போட்டு நேரடியாக அடுப்பில் காய்ச்சுவது. காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். முதலில் படபடவென்று சத்தம், பிறகு நுரை, பிறகு சின்னச் சின்னக் குமிழ், கடைசியில் சத்தம் அடங்கும். கரண்டியில் கொஞ்சம் சக்கையை எடுத்து விரலால் உருட்டினால் முதலில் மெழுகு மாதிரி திரளும். அது மெழுகு பதம். இன்னும் கொஞ்சம் போனால் மணல் மாதிரி உதிரும். அது மணற்பதம். சக்கையைத் திரியில் தடவித் தீயில் காட்டினால் படபடக்காமல் எரிய வேண்டும், வெடித்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. களிம்புக்கு நான் மணற்பதம் வரை விடுவேன். கொஞ்சம் வாசம் குறையும், ஆனால் களிம்பு நாள்பட நிற்கும். வெட்பாலையை மட்டும் இப்படிக் காய்ச்சக் கூடாது. அதற்கு வெயில்தான் அடுப்பு. வாய்க்கு மெல்லிய துணி கட்டி வைத்தால் இலையின் ஈரம் மெல்ல வெளியேறிவிடும்.

வெறும் தைலத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா? வலிக்குத் தேய்ப்பது மட்டும்தான் வேலை என்றால் தாராளமாக நிறுத்தலாம். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஆளுக்கு நாலு குப்பி கோடாலித் தைலம் கொண்டுவந்து கொடுத்த வீடுகள் நம் ஊரில் எத்தனை! சின்னக் குப்பி, இறுக்கமான மூடி, வேட்டி மடிப்பில் கூடச் செருகிக்கொள்ளலாம். தலைவலிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் இது போதும். ஆனால் வெடித்த குதிகாலில், உதட்டில், தொடை உரசும் இடத்தில் தைலம் நிற்காது, அரைமணியில் துணிக்குப் போய்விடும். அங்கே மெழுகு வேண்டும்.

மெழுகில் தேன்மெழுகையே நான் முதலில் சொல்வேன். 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். தோலில் மெல்லிய படலமாக நின்று ஈரத்தைக் காக்கும். நீலகிரியிலும் கொல்லிமலையிலும் மலைத்தேனீ அடையிலிருந்து கிடைக்கும் மெழுகு கொஞ்சம் கருத்து, புகைவாசத்தோடு இருக்கும். மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டித் தேனீ மெழுகு மஞ்சளாகச் சுத்தமாக இருக்கும். களிம்புக்கு இந்த இரண்டாவதுதான் வசதி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது ஒரு துண்டைக் கையில் பிசைந்து பாருங்கள். தேன்மெழுகு கைச்சூட்டில் இளகி, லேசாக ஒட்டி, தேன் வாசம் வீசும். வழவழவென்று வழுக்கி, வாசமே இல்லாமல் உதிர்ந்தால் பாரஃபின் கலந்திருக்கக்கூடும். தேனீப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்குக் கார்னபா மெழுகு இருக்கிறது. அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் தேன்மெழுகின் பாதி அளவிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் அதில் தேன்மெழுகின் இழுவை வராது, களிம்பு சற்று முறுகலாகத்தான் இருக்கும். பெட்ரோலியம் ஜெல்லியில் மூலிகைத் தைலத்தைக் கலந்துகொள்பவர்களும் உண்டு. தோலுக்குக் கெடுதல் இல்லை, காறவும் காறாது. அவசரத்துக்கு அதுவும் ஒரு வழிதான்.

இப்போது முக்கியமான இடம்: எந்த எண்ணெய், எவ்வளவு மெழுகு?

எடை பார்க்கச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. கரண்டிக் கணக்கு ஒவ்வொரு முறையும் மாறும். 200 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் மெழுகு என்றால் இளகிய களிம்பு, வீட்டு அலமாரிக்கு. 40 கிராம் என்றால் டப்பாவில் நிற்கும், விரல் அழுத்தினால் குழியும். 65 கிராம் வரை போனால் குச்சியாக வார்க்கலாம், தோலில் தேய்த்தால் தான் இளகும். இந்த மூன்று படிகளை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அந்தந்தப் பயணத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பதுதான்.

தேங்காய் எண்ணெய் நம் தோலுக்குப் பழகியது, சீக்கிரம் உள்ளிறங்கும், எளிதில் காறாது. ஆனால் அதன் கெட்டித்தன்மை கோடையில் நம்மைக் கைவிடும், குளிரில் நம்மைப் படுத்தும். நல்லெண்ணெய் எங்கள் வீட்டுக் குளிரிலும் சரி, ஊட்டிக் குளிரிலும் சரி, உறையாது. அதனால் நல்லெண்ணெய்க் களிம்பின் பதம் முழுக்க முழுக்க நாம் போடும் மெழுகின் கையில் இருக்கிறது. இன்று பார்க்கும் பதம்தான் நாளையும் இருக்கும், பெரிதாக மாறாது. நல்லெண்ணெயிலேயே காறலைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்குகிறது. வாசம் மட்டும் எல்லோருக்கும் பிடிக்காது. விளக்கெண்ணெயைத் தனியாகப் போட்டால் பிசுபிசுக்கும், பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் உதட்டுக்கும் குதிகாலுக்கும் நல்ல பிடிப்பு கிடைக்கும். பயணத்துக்கு என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால் என் வாக்கு நல்லெண்ணெய்க்கு. தேங்காய் எண்ணெய்தான் வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

பதம் பார்க்க எல்லோரும் சொல்லும் வழி, ஒரு சொட்டைக் கரண்டியில் எடுத்து ஃப்ரிட்ஜில் இரண்டு நிமிடம் வைப்பது. நல்லெண்ணெய்க் களிம்புக்கு அது சரி. தேங்காய் எண்ணெய் இருந்தால் அந்தச் சோதனை ஏமாற்றும், எண்ணெயே உறைந்துவிடுமே. அதனால் நான் இப்போது வேறு மாதிரி செய்கிறேன். ஊற்றிய டப்பா முழுதாக ஆறியபின், மூடியை இறுக்கி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்க விடுகிறேன். திறந்து சாய்த்தால் களிம்பு நகரக் கூடாது. நகர்ந்தால் திரும்ப உருக்கி, ஐந்தைந்து கிராமாக மெழுகைக் கூட்டுகிறேன். ஊற்றிய கையோடு மூடி போட்டுவிடாதீர்கள். உள்ளே ஆவி படிந்து சொட்டாக விழும், அத்தனை நேரம் தண்ணீரை விரட்டியதெல்லாம் வீண்.

டப்பா விஷயத்தில் எனக்கு இப்போது தயக்கமே இல்லை. திருகு மூடி போட்ட 30 கிராம் அலுமினிய டப்பா. கண்ணாடிக்குப்பி கனம், உடையும். குச்சிக்கு அடியைத் திருகினால் மேலே ஏறும் பிளாஸ்டிக் குழல் கிடைக்கிறது. அழுக்குக் கையோடு டப்பாவுக்குள் விரல் விட வேண்டியதில்லை என்பதால் நடைப்பயணத்துக்கு அதுவே சிறந்தது.

இனி மூன்று பயணங்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

எங்கள் பெரியம்மா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிறவர். குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் வெறுங்காலோடு நடை. முதல் முறை அவருக்கு நான் செய்து கொடுத்தது ஒரே டப்பா, நடுத்தரப் பதம். திரும்பி வந்து அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "காலையில தடவிட்டு நடந்தா மண்ணெல்லாம் உள்ளங்கால்ல ஒட்டுது கண்ணு, ராத்திரிதான் அது சுகமா இருக்கு." அதன்பிறகு இரண்டாகப் பிரித்துவிட்டேன். காலையில் தொடை உரசும் இடத்துக்கும் அக்குளுக்கும் கெட்டிக் குச்சி, மூலிகை அதிகம் இல்லாத வெறும் நல்லெண்ணெய், மெழுகு. வியர்வையிலும் நடையிலும் அது நிற்கிறது. இரவில் கால் கழுவித் துடைத்தபின் குதிகாலுக்கும் பாதத்துக்கும் மஞ்சளும் வேப்பிலையும் இறங்கிய இளகிய களிம்பு. மஞ்சள் விரிப்பில் ஒட்டும் என்பதால் பழைய காலுறை ஒன்று. உடைந்த கொப்புளத்தில் எதையும் தடவக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சுத்தமான தண்ணீரில் கழுவி, கட்டுப் போட்டு மூடினால் போதும். சர்க்கரை உள்ளவர்கள் காலில் சின்னக் கொப்புளம் வந்தாலும் வழியில் இருக்கும் மருத்துவ முகாமில் காட்டிவிட வேண்டும். அங்கே களிம்பை நம்பி நாள் கடத்துவது ஆபத்து.

இரண்டாவது, குளிர். ஜனவரியில் ஊட்டியில் சில நாள் உறைபனி விழும். அங்கே தேங்காய் எண்ணெய்க் களிம்பை எடுத்துப்போனால் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெடித்த உதட்டில் அதைத் தேய்த்தால் இன்னும் வலிக்கும். 200 கிராம் நல்லெண்ணெய்க்கு 25 கிராம் மெழுகு, அவ்வளவுதான். கீழே மேட்டுப்பாளையத்தில் இளகும், பரவாயில்லை, மேலே ஏறியதும் சரியாகிவிடும்.

மூன்றாவது, விமானம். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்டபின் வந்த விதி இன்றும் பெரும்பாலான விமான நிலையங்களில் இருக்கிறது: கைப்பையில் திரவமும் ஜெல்லும் பசையும் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கும் தெளிவான பைக்குள். களிம்பையும் இந்தக் கணக்கில் வைத்துக்கொள்வதே நிம்மதி. பார்ப்பது குப்பியின் அளவை, உள்ளே மிச்சம் இருப்பதை இல்லை. 150 மில்லிக் குப்பியில் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கெட்டிக் குச்சிக்குச் சிக்கல் குறைவு. பெயர் எழுதாத பச்சை நிற டப்பா கேள்வியைக் கிளப்பும். என்னென்ன சேர்த்தது, எந்தத் தேதியில் செய்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மூலிகையையும் தேனீப் பொருளையும் இறங்கும்போது படிவத்தில் அறிவிக்க வேண்டும். நியூசிலாந்து தேனீப் பொருள்களில் மிகக் கறார். அங்கே போகும் பிள்ளைகளுக்கு நான் களிம்பு கொடுத்து அனுப்புவதில்லை, செய்முறையை எழுதிக் கொடுக்கிறேன்.

வலிக் களிம்பு செய்பவர்கள் கற்பூரத்தில் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். வாசம் தூக்கலாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று அள்ளிப் போடுகிறார்கள். அமெரிக்காவில் மருந்துக் கடையில் விற்கும் பூச்சுகளுக்கே 11 சதவீதம்தான் உச்ச வரம்பு. வீட்டில் நான் 100 கிராம் களிம்புக்கு 3 கிராமுக்கு மேல் போவதில்லை. கற்பூரத்தையும் நீலகிரித் தைலத்தையும் கடைசியில், களிம்பு கொஞ்சம் ஆறி இறுகத் தொடங்கும் முன், அடுப்பை விட்டுத் தள்ளிவைத்துச் சேர்க்க வேண்டும். கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த இரண்டுமே வேண்டாம். குழந்தையின் மூக்கருகே தடவுவதை நிறுத்துங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும். டப்பா எப்போதும் எட்டாத உயரத்தில்.

கொசுவுக்கும் களிம்பு செய்யலாமே என்று கேட்பார்கள். நொச்சியும் எலுமிச்சைப் புல்லும் வாசம் வீசும் வரை கொஞ்ச நேரம் தடுக்கும். டெங்கு இருக்கும் ஊருக்குப் போகும்போது அதை நம்ப மாட்டேன், கடையில் விற்கும் கொசு விரட்டியைத்தான் எடுத்துப்போவேன். தீக்காயத்துக்கும் அப்படித்தான்: ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது முதல் வேலை. எண்ணெயும் களிம்பும் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். புதிய களிம்பு எதுவானாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பயணத்துக்கு எடுங்கள். நடுவழியில் தோல் தடித்தால் என்ன செய்வது?

வருகிற மாதம் மறுபடி திருநெல்வேலி போகிறேன். வெட்பாலைத் தைலம் மொட்டைமாடியில் நாலாவது நாளாக வெயில் காய்கிறது. இந்த முறை பாதிக்குப் பாதி நல்லெண்ணெய் கலந்து, 200 கிராமுக்கு 50 கிராம் தேன்மெழுகு போட்டு, அலுமினிய டப்பாவில் ஊற்றி, வெந்நீரில் மிதக்கவிட்டுப் பார்த்தபின்தான் பைக்குள் போகும். டப்பாவைச் சுற்ற ஒரு கறுப்புத் துணியும் எடுத்து வைத்துவிட்டேன். அத்தைக்கு வாங்கியிருக்கும் புடவை தனிப் பையில் வருகிறது.